நடு அறை விசிறிக்கு மேலே ஓர் இணைப்பு

எங்கள் ஊரில் தீ வருவதற்குப் பதினைந்து நாள் முன்னதாகக் கடிதம் போட்டுவிடும். சாதாரண இன்லேண்ட் லெட்டர்தான். ஓரம் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருக்கும். தபால்காரர் அதை மற்றக் கடிதங்களோடு சேர்க்காமல் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவருவார்.

தேதி, நேரம், காரணம் மூன்றும் அதில் இருக்கும். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு வந்ததில் ‘கேஸ் டியூப் மாற்றி ஏழு வருடம் ஆகிறது’ என்று எழுதியிருந்தது. டியூப்பை மாற்றினார்கள். குறித்த நேரத்தில் தீ வந்தது, புது டியூப்பைப் பார்த்தது, போய்விட்டது. மூன்றாம் தெருவில் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரீசியன் ஒரே லைனில் இணைப்புக் கொடுத்திருந்தார். கடிதம் வந்ததும் அந்த ஆளுக்குச் சொன்னார்கள். ஆள் ‘நாளைக்கு வாரேன்’ என்றார். எங்கள் ஊர் ஆட்களின் நாளை என்பது எந்தக் கிழமையிலும் வரலாம், வராமலும் போகலாம். தீ அப்படி இல்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு முருங்கை நன்றாகக் காய்க்கிறது.

கோளாறை எந்தக் கை செய்ததோ அதே கைதான் அதைப் பிரிக்க வேண்டும். வேறு கைக்கு அது பிரியாது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முப்பத்தோரு வருடம் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள் நான். அடுத்தவள் போட்ட தையலைப் பிரிப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று எனக்குத் தெரியும். இந்த விதியால் எங்கள் ஊரில் யாரும் வேலையாட்களின் விலாசத்தைத் தொலைப்பதில்லை. எந்தக் குழாயை யார் மாட்டினார், எந்த ஆணியை யார் அடித்தார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். கல்யாணப் பத்திரிகையை முதலில் எலக்ட்ரீசியனுக்கும் பிளம்பருக்கும் வைத்துவிட்டுத்தான் சொந்தக்காரர்களுக்கு வைப்பார்கள்.

எனக்குக் கடிதம் மார்ச் மூன்றாம் தேதி வந்தது.

‘அன்புள்ள திருமதி ஜெயசீலி அவர்களுக்கு, நலம், நலமறிய அவா. வருகிற பதினெட்டாம் தேதி புதன்கிழமை மாலை நான்கு மணிக்குத் தங்கள் இல்லத்துக்கு வர உத்தேசித்திருக்கிறேன். காரணம்: நடு அறையில் விசிறிக்கு மேலே உள்ள இணைப்பு. இப்படிக்கு, தீ.’

கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு இந்தக் கையெழுத்து வராது.

எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவர் பேச்சிமுத்து. எண்பத்தெட்டில் வீடு கட்டியபோது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நோட்டில் அவர் பெயர்தான் இருந்தது. போன் போட்டேன். நாளைக்கு வருவதாகச் சொல்லி ஐந்தாம் நாள் வந்தார். என் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஏணியைப் போட்டு ஏறி, விசிறிக்கு மேலே கவிழ்ந்திருந்த கிண்ணத்தைக் கீழே இறக்கினார்.

“டீச்சர், இது என் கை இல்ல.”

“பின்னே யார் கை?”

“நீங்களே ஏறிப் பாருங்க.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். இரண்டு வயர்களை முறுக்கி, அதன்மேல் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தது. பிளாஸ்திரி பழுப்பாகி, ஒரு பக்கம் கருகியிருந்தது. அது அவிழாமல் இருக்க மேலே ஒரு நூல் கட்டு. என் தையல் பெட்டியில் இருந்த நாற்பதாம் நம்பர் ஊதா நூல்.

என் வீட்டுக்காரர் எட்வின் ஆசீர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். அவருக்கு உலகத்தில் எது உடைந்தாலும் பிளாஸ்திரிதான். மூக்குக்கண்ணாடி, குடைக்காம்பு, பாட்டுப்புத்தகத்தின் அட்டை எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்தியம் பார்ப்பார். தொண்ணூற்று நான்கு டிசம்பரில் ஆளுயரத்துக்கு ஒரு நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வந்தார். கேரல் பாட வருகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அதை வாசலில் எரியவிட வேண்டும். வாசலில் பிளக் கிடையாது. பேச்சிமுத்துவுக்குச் சொல்லிவிட்டார், ஒரு வாரம் காத்திருந்தார். அப்புறம் தானே ஏணியில் ஏறி, விசிறியிலிருந்து ஒரு வயரை இழுத்து, வெண்டிலேட்டர் வழியாக வாசலுக்குக் கொண்டுபோனார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நூல் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

“அன்னைக்கு நான் வந்திருக்கணும் டீச்சர்,” என்றார் பேச்சிமுத்து.

“வந்திருக்கணும்தான்.”

அவர் கட்டிங் பிளேயரை வைத்து அந்த நூலைப் பிடிக்கப் பார்த்தார். அது பிடிபடவில்லை. பிளேயர் பக்கத்தில் போனால் இணைப்பு ஓர் அங்குலம் தள்ளிப் போய் நின்றுகொண்டது. மூன்று தடவை பார்த்துவிட்டு இறங்கினார்.

ஆசீர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய சட்டைகளை அந்த வருடமே ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டேன். மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு மாதிரி நிமிர்ந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஊதா நூலைப் பார்த்த அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

மறுநாள் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கே இதற்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்: ‘காலமான நபரை வேலைக்கு அழைப்பதற்கான விண்ணப்பம்’. இறப்புச் சான்றிதழ் இரண்டு நகல், கோளாறின் போட்டோ ஒன்று இணைக்க வேண்டும். கண்ணாடி போட்ட ஓர் அலுவலர் வாங்கிப் பார்த்தார்.

“சாருக்கு ஏணி ஏற முடியுமாம்மா?”

“மூட்டுவலி உண்டு.”

“அது இப்ப இருக்காது,” என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டார். “பதினேழு வரைக்கும் ஆள் புக் ஆகியிருக்கு. பதினெட்டாந்தேதிதான் அனுப்ப முடியும். காலைல பத்துல இருந்து நாலு வரைக்கும்.”

“அன்னைக்கு நாலு மணிக்குத்தானே தீ வருது?”

“அதுக்குள்ள முடிச்சிருங்க. ஒரு இணைப்புக்கு அரை மணி நேரம் ஆகுமா?” பிறகு, எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரலில் சொன்னார். “வேலையாளா மட்டும்தான் அனுப்புதோம். வேலையைப் பத்திப் பேசலாம். வீட்டு விஷயம், பழைய விஷயம் எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தா அந்த நிமிஷமே கிளம்பிருவாங்க. வேலை பாதியில நின்னாலும் நின்னதுதான். தீ வந்துரும்.”

பதினெட்டாம் தேதி காலை பேச்சிமுத்து நான் கூப்பிடாமலே எட்டரைக்கு வந்துவிட்டார். இரண்டு வாளி நிறைய மணல், நனைத்த சாக்கு நான்கு. வாசலில் அடுக்கி வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அவர் தாமதிக்காமல் வந்தது அன்றைக்குத்தான்.

பத்து மணிக்கு ஆசீர் வந்தார். காக்கிச் சட்டை, வேட்டி, தோளில் ஒரு துணிப்பை. ஐம்பது வயதில் இருந்த மாதிரி இருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றார். உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு நாளும் வெளியே கழற்றினதில்லை. வீடு முழுக்க மண்ணைக் கொண்டுவருவார்.

“வேலைக்குச் சொல்லியிருந்தீங்களாம் டீச்சர்.”

“வாங்க அண்ணாச்சி,” என்றேன். அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். வேலையாளாக வந்தவரை அப்படிக் கூப்பிட முடியாது.

நேராக நடு அறைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறார். நான் அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து அதைக் கழற்ற, நான் பக்கத்தில் நின்றேன். கழுத்துக்குப் பின்னால் அந்த மச்சம் இருந்தது.

அதன் பிறகு அலமாரிக் கதவின் கீல். அதற்குப் பிறகு அடுப்படி ஜன்னல் கொக்கி. ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் நான் அப்படியே விட்டிருந்தேன். சோம்பல் என்று ஸ்டெல்லா அக்கா சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, நல்ல வேளை எதையும் சரிசெய்யவில்லை என்று தோன்றியது.

படுக்கையறைக் கதவு தரையில் உரசியது. ஆசீர் அதைக் கழற்றிச் சாய்த்துவைத்து இழைப்புளியால் அடியில் தேய்த்தார்.

“எத்தனை நாளா இழுக்குது டீச்சர்?”

“ஒன்பது வருஷமா.”

“அப்பமே சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்ல ஆள் இல்லையே,” என்றேன்.

இழைப்புளி நின்றது. அவர் எழுந்து பையை எடுத்தார். ஒரு கால் நிலைப்படியைத் தாண்டிவிட்டது.

“தச்சரைச் சொன்னேன் அண்ணாச்சி,” என்றேன் அவசரமாக. “நல்ல தச்சர் கிடைக்கல்லைன்னு சொன்னேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இந்தக் காலத்துல தச்சர் கிடைக்கது கஷ்டம்தான்,” என்று பையைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்திருந்தேன், இஞ்சித் துவையலும். வேலையாட்களுக்குப் பின்பக்க வராந்தாவில்தான் இலை போடுவது வழக்கம். அங்கேயே போட்டேன். பேச்சிமுத்துவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு பேரும் வேலையாட்களைப் போலச் சிமெண்ட் விலையையும் மழையையும் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஆசீர் இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

“உப்பு சரியா இருக்கு டீச்சர்,” என்றார்.

முப்பத்தோரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் அவர் வாயிலிருந்து இது வந்ததில்லை. குறை இருந்தால் சொல்வார், இல்லையென்றால் தட்டைக் கழுவப் போட்டுவிடுவார். வேறொருத்தர் வீட்டில் சாப்பிடுகிறவர்தான் பாராட்டுவார் போலிருக்கிறது. எனக்குக் கோபமாகவும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினேன்.

சாப்பிட்ட பிறகு தையல் மிஷினின் பெல்ட்டை மாற்றினார். அது தொய்ந்திருந்தது உண்மைதான். அப்புறம் காலண்டர் ஆணி. அது நன்றாகத்தான் இருந்தது; சாய்ந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் பிடுங்கி, இரண்டு விரல் தள்ளி அடித்தார். இப்போது சாய்ந்தது.

“டீச்சர், மூணேகால்,” என்று வாசலில் இருந்து பேச்சிமுத்து சத்தம் கொடுத்தார்.

“மெயின் வேலை ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்களே,” என்றார் ஆசீர்.

“இருக்கு. முதல்ல இந்தப் பிரம்பு மோடாவோட காலைப் பாத்துருங்க.”

மோடாவின் காலைப் பார்த்தார்.

“டீச்சர், மூணரை. தெருமுனைல வெளிச்சம் தெரியுது.” பேச்சிமுத்துவின் குரல் உயர்ந்திருந்தது.

எனக்கும் தெரியும். அந்த இணைப்பு பிரியாமல் நான்கு மணி ஆனால் வீடு முழுவதும் போகும். ஆசீரும் நானும் கடன் வாங்கி, மண் சுமந்து கட்டிய வீடு. ஆனால் அந்த இணைப்பைப் பிரித்தால் அவர் கிளம்பிவிடுவார். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு மூன்று நாற்பது வரைக்கும் நின்றேன். பிறகு ஏணியைக் கொண்டுவந்தேன்.

அவர் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மெயினைப் பேச்சிமுத்து அணைத்தார். ஆசீர் கையை நீட்டியதும் இணைப்பு தானாக அவர் விரல்களுக்குள் வந்தது. நூலை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார், பிளாஸ்திரியை உரித்தார்.

“யார் டீச்சர் இந்த வேலையைப் பாத்தது? இப்படியா சுத்துவாங்க?”

“தெரிஞ்ச ஆள்தான் அண்ணாச்சி. அவசரத்துல செஞ்சாரு.”

“வீடு எரிஞ்சிருக்கும்லா?”

“எரியல்லை. நட்சத்திரம்தான் எரிஞ்சுது. அந்தத் தெருவிலேயே அதுதான் பெருசு. கேரல் பாட வந்தவங்க ஒரு பாட்டு கூடுதலாப் பாடினாங்க.”

இது பழைய விஷயம்தான். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் மேலேயே நின்றார். பிறகு, “அப்பம் கனெக்‌ஷன் பிடிச்சிருக்கு,” என்று மட்டும் சொன்னார். வேலையைப் பற்றித்தான் பேசினோம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

வயரின் கருகிய பகுதியை வெட்டிவிட்டு, சுத்தமாகச் சீவி, கனெக்டர் போட்டு முறுக்கினார். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினார். நட்சத்திரத்துக்குப் போன வயரை மொத்தமாக உருவி எடுத்தார். கிண்ணத்தை மேலே ஏற்றினார். அவர் கடைசிப் படியில் கால் வைத்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

தீ நான்கு மணிக்கு வந்தது. சாலையின் இடது ஓரமாகவே நடந்து வந்து, வாசலில் மணல் வாளிகளுக்கு இடையில் ஒதுங்கி நின்று, “உள்ள வரலாமா?” என்று கேட்டது. என் இடுப்பு உயரம் இருந்தது. நான் தலையாட்டினேன். அது சுவரில் ஏறி, விசிறி வரைக்கும் வயரோடு போய், கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. சுவரில் ஒரு கறை இல்லை.

“நல்ல வேலை,” என்றது. “நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா கிளம்பிருவேன்.” ஒரு ரசீதுப் புத்தகத்தை நீட்டியது. அதில் ‘வேலை திருப்தி / திருப்தி இல்லை’ என்று அச்சடித்திருந்தது.

“திருப்தி இல்லைன்னு எழுதினா?”

“ஒரே ஒரு அறையை நான் எடுத்துக்கிடணும். மத்ததைத் தொட மாட்டேன். ஆளை ஆறு மாசம் கழிச்சு மறுபடி அனுப்புவாங்க. திருப்தி ஆகுற வரைக்கும் அனுப்பணும்னு சட்டம்.”

“எந்த அறை?”

“அது உங்க இஷ்டம். நாலு சுவரும் ஒரு கதவும் இருந்தா போதும்.”

ஆசீர் பிளேயரைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்டேன். “அண்ணாச்சி, வேலை ஏதும் பாக்கி இருக்கா?”

அவர் விசிறியை நிமிர்ந்து பார்த்தார். “என் கணக்குக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்,” என்றார். பையைத் தோளில் மாட்டிய பிறகு, “ஆனா வீட்டுக்காரங்க சொல்லுததுதான்,” என்றார்.

பேச்சிமுத்து என்னையும் அவரையும் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த சாக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு, பின்பக்க ஸ்டோர் ரூமுக்குப் போய், அங்கே இருந்த சாமான்களை வெளியே எடுத்துவைக்க ஆரம்பித்தார். நான் இன்னும் எழுதக்கூட இல்லை.

‘திருப்தி இல்லை’ என்பதற்குக் கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். என் வாழ்நாளில் ஒரு வேலையைப் பற்றி நான் எழுதிய பெரிய பொய் அதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கோணல் தையலுக்குக்கூட இப்படி எழுதியதில்லை.

“அப்பம் வாரேன் டீச்சர்,” என்றார் ஆசீர். செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டுப் போனார். ஸ்டோர் ரூம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தீ சாம்பலைக் கூட்டி ஓரமாகக் குவித்துவிட்டு, அடுத்த தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

இப்போது வீட்டில் குளியலறையை விட்டுவிட்டால், அடுப்படியையும் சேர்த்து மூன்று அறைகள் இருக்கின்றன. போன வாரம் பேச்சிமுத்து ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஆசீர் செடி வளர்த்த இடத்தைக் கயிறு பிடித்து அளந்தார்கள். ஆள் நிற்க இடம் வேண்டாம், சாமான் வைக்க வேண்டாம் என்று சொன்னதும், மூன்றடிக்கு மூன்றடியாக இருபத்திரண்டு அறைகள் எழுப்பலாம் என்றார் கொத்தனார். எனக்கு அறுபத்தாறு நடக்கிறது. வருடத்துக்கு இரண்டு அறை தீக்கு என்று வைத்தால் அது போதும் என்று தோன்றியது. பேச்சிமுத்து இன்னும் இரண்டு சேர்த்துப் போடச் சொன்னார். சுண்ணாம்பு அடிக்க வேண்டுமா என்று கொத்தனார் கேட்டார். வெள்ளையே அடியுங்கள் என்றேன்.